முள் மாட்டாத துணி

செய்தி வந்தபோது நான் கையில் கத்தரிக்கோலுடன் நின்றிருந்தேன். யுத்த காலத்தில் அளந்து கொடுக்கிற கன்ட்ரோல் துணி வந்து இறங்கிய நாள். தென்காசியில் பாதி ஊர் கூப்பனைப் பிடித்துக்கொண்டு என் ஜவுளிக்கடை வாசலில் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராயகிரி பஸ் கண்டக்டர் மாடசாமி உள்ளே வந்தான். அவனும் துணிக்குத்தான் வருகிறான், வரிசையில் நிற்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, போட்டோ அண்ணாச்சி தவறிட்டாவ. விடியக்காலம். ஆச்சி உங்கட்டச் சொல்லச் சொன்னாவ" என்றான்.

அப்போது என் மனத்தில் முதலில் எழுந்தது துக்கம் இல்லை. 'இனி அயிரை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டனுப்ப மாட்டார்கள்' என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்தான் அது இருந்தது. ஆனால் இருந்தது. வாசகசாலை நண்பர்கள் அண்ணாச்சியைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது, இதை எழுதாமல் மற்றதை எழுதினால் எல்லாம் கடைப் பேச்சாகப் போய்விடும் என்று தோன்றியது. அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

பிரமநாயகம் அண்ணாச்சியை உங்களில் தெரியாதவர் குறைவு. சீசன் மாதங்களில் குற்றாலத்தில் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோ, மற்ற மாதங்களில் தென்காசியில் வீடு. நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிற கல்யாணப் படங்களில் பாதி அவர் எடுத்தவை. படத்தில் நாம் எல்லோரும் பயந்துபோய் விறைத்து நிற்பதற்கும் அவர்தான் காரணம். "அசையாதேயும்வே!" என்று அவர் போடுகிற சத்தத்தில் மாப்பிள்ளைக்கே வியர்த்துவிடும். அந்தக் கதைகளை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அவருடைய மீன்களைப் பற்றித்தான் எழுத வருகிறது.

என் கடைக்கு அவர் முதன்முதலாக வந்தது ஓர் ஆடி மாதம். குடையை மடக்கி வாசலில் உதறிவிட்டு, "முள்ளு மாட்டாத துணி இருக்காவே?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

என்ன முள், எதற்குத் துணி என்று நான் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் 'இல்லை' என்ற சொல்லைக் கடைக்குள் சொல்லக் கூடாது. சரக்கு தீர்ந்திருந்தால் நாளைக்கு வரும் என்போம். வராத சரக்காக இருந்தால் இதைவிட நல்லது இருக்கிறது என்போம். என் அப்பா சாகும்வரை அந்தச் சொல்லைக் கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. பாப்ளினை எடுத்துப் போட்டேன், பட்டை எடுத்துப் போட்டேன், மெல்லிசான மல் துணியை எடுத்துப் போட்டேன்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்தார். உள்ளே தண்ணீர். தண்ணீரில் விரல் நீளத்துக்கு ஓர் அயிரை மீன். குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை என்னைக் கேட்காமலேயே ஒரு தட்டில் ஊற்றி, மீனை அதில் விட்டு, ஒவ்வொரு துணியின் நுனியாலும் அதை ஏந்திப் பார்த்தார். பாப்ளினில் மாட்டியது. பட்டில் இன்னும் மோசமாக மாட்டியது.

"இங்கன பாரும். கண்ணுக்குக் கீழே ஒரு முள்ளு இருக்கா? சும்மா கெடக்கும்போது மடக்கித் தோலுக்குள்ள வச்சிருப்பான். பயந்தாம்னா வெளிய நீட்டிருவான். வலையில மாட்டி, நாம பிரிச்சு எடுக்கதுக்குள்ள கண்ணே பிதுங்கிப் போவுது" என்றார்.

மல் துணியில் கொஞ்சம் குறைவாக மாட்டியது. அதில் ஒரு முழம் வாங்கி, வளையக் கம்பியில் தைத்து வலை ஆக்கிக்கொண்டார். போகும்போது, "இதுலயும் மாட்டத்தான் செய்யுது" என்றார்.

"அடுத்த கட்டுல வரும் அண்ணாச்சி" என்றேன்.

அதை அவர் நம்பினாரா, விளையாட்டாக எடுத்துக்கொண்டாரா, கடைசிவரை எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குப் புதுச் சரக்கு வந்தது தெரிந்தால் கடைக்கு வந்து, "வந்துட்டாவே?" என்று கேட்பார். நான், "அடுத்த கட்டுல" என்பேன். இருவரும் காப்பி குடிக்கப் போவோம். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் வளர்ந்தது. வராத ஒரு துணியை வைத்து.

அவர் வீட்டுக் கூடத்தில் அந்தத் தொட்டி இருந்தது. உடைந்த படச் சட்டங்களிலிருந்து கழற்றிய கண்ணாடிகளை அளவாக அறுத்து, தகர விளிம்பு அடித்து, இடுக்கை மக்குப் பூசி அடைத்து அவரே செய்தது. முதல் தொட்டி ஒழுகிக் கூடம் முழுக்கத் தண்ணீர் ஆனதையும், அவர் மனைவி கோமதி மதினி ஒரு வாரம் அவரோடு பேசாததையும் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அடியில் சிற்றாற்று மணல். கூர் இல்லாத மணலாகச் சலித்து, தண்ணீர் தெளிகிற வரை அலசிப் போடுவார். "வயிறு தேய்ச்சுக்கிட்டே பொழைக்கிறவன். மணலு குத்துச்சுன்னா மீசை ஒடிஞ்சுரும். மீசை போச்சுன்னா சோறு போச்சு" என்பார். அயிரைக்கு மீசைதான் கை. அதைக்கொண்டுதான் மணலில் இரை தேடும்.

சந்தைக்கு அவரோடு போனால் தலைகுனிவுதான். மீன்காரியின் சட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிடுவார். "இது அயிரை இல்ல, ஆரல் குஞ்சு. மூஞ்சி ஊசியாப் போவுது பாரு. இது கெண்டைக் குஞ்சு, மீசையே சரியா இல்ல" என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைப்பார். அந்த அம்மாள், "கொழம்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான், வாங்குதியளா எந்திரிக்கியளா?" என்று கத்துவாள். பக்கவாட்டில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி, வால் தொடங்குகிற இடத்தில் மேலே ஒற்றைப் பொட்டு, கண்ணுக்குக் கீழே முள். இந்த மூன்றும் இருந்தால்தான் அவர் அதை அயிரை என்று ஒப்புக்கொள்வார். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பார். குளத்துக் கரம்பைச் சேற்றில் கிடந்தால் கறுத்துவிடும், வெள்ளை மணலில் கிடந்தால் வெளுத்துவிடும்.

ஒரு தடவை ஐந்தருவி ஓடையில் கல்லைக் கட்டிக்கொண்டு கிடக்கிற இன்னொரு சாதியைப் பிடித்து வந்தார். உடம்பில் பட்டை பட்டையாக வரி, பார்க்க அவ்வளவு அழகு. கண்ணுக்குக் கீழே முள் இல்லை. தொட்டியில் விட்ட மறுநாளே அது செத்துவிட்டது. அதன் பிறகு படம் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "ஓடுற தண்ணியில பொறந்தவனக் கொண்டாந்து கண்ணாடிக்குள்ள வச்சுக் கொன்னுட்டேன்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து வந்த புது மாப்பிள்ளை ஒருவர், என்னமோ ஏதோ என்று பயந்து பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவை விட்டு இறங்கிவிட்டார். தான் செய்த தப்பை அவர் அப்படிச் சந்தியில் வைத்துச் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டவே இல்லை.

என் வீட்டுக்காரி சண்முகவடிவு அவரைச் சீண்டாமல் விடமாட்டாள். நம் பக்கத்தில் அயிரையை உயிரோடு வாங்கி வந்து, மண்ணைக் கக்குவதற்காகப் பாலில் விட்டு, பிறகுதான் குழம்பு வைப்பார்கள். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் தொட்டியைப் பார்த்து, "பாலு கொண்டாரட்டுமா அண்ணாச்சி?" என்பாள். அவரும் சளைக்காமல், "கொண்டா தாயி, எனக்குக் காப்பி போட்டுக் குடு" என்பார். அவரும் மீன் சாப்பிடுகிறவர்தான். ஆனால் அயிரையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"படம் பிடிக்கவன் தொழிலே மூஞ்சி பாக்கதுதான். இவன் மூஞ்சிய ஒரு தடவ சரியாப் பாத்துட்டேன்வே. மூஞ்சி பாத்தாச்சுன்னா அப்புறம் கொழம்பு கெடயாது" என்றார்.

மீன்களால் அவருக்கு வேலையும் நடந்தது. மழை வரும் முன்னால் அயிரைக்கு இருப்புக் கொள்ளாது. பகலெல்லாம் மணலில் புதைந்து கிடப்பவை, திடீரென்று கிளம்பி மேலுக்கும் கீழுக்குமாகப் போய்வரும். சீசனில் தொட்டியை ஸ்டுடியோவுக்கே கொண்டுபோய்விடுவார். அயிரை மேலே வந்தால், வெளியில் பளீரென்று வெயில் அடித்தாலும், "சட்டுன்னு வாங்க, சட்டுன்னு நில்லுங்க, வெளிச்சம் போகப் போவுது" என்று வந்தவர்களை விரட்டுவார். முக்கால்வாசி சரியாக இருக்கும். சாரல் வந்து கண்ணாடிக் கூரையில் சடசடக்கும்போது தொட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்.

நான் முதல் தடவை அந்தத் தொட்டியைப் பார்த்தபோது, உள்ளே மணலும் தண்ணீரும்தான் தெரிந்தன. "மீன் இல்லையே அண்ணாச்சி" என்றேன்.

"இல்லேன்னு சொல்லாதேயும்வே. காணலேன்னு சொல்லும்" என்றார்.

அவருக்கு வயது ஏற ஏற இழுப்பு அதிகமாகியது. ஈரக் காற்று ஆகவில்லை. யுத்தம் வந்து படம் எடுக்கிற பிளேட்டும் கழுவுகிற மருந்தும் கிடைக்காமல் ஸ்டுடியோவையும் மூடி வைத்தார். வறண்ட ஊரில் இருந்தால் தேவலை என்று வைத்தியர் சொல்ல, போன பங்குனியில் ராயகிரியில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். பஸ்ஸில் கண்ணாடித் தொட்டி போகாது. மாட்டுவண்டியில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூச்சு வாங்க வாங்கத் தானே ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்.

"தண்ணிய முழுசா மாத்தாதேயும். பாதி எடுத்துட்டுப் பாதி ஊத்தும். மேல மூடி வையும், துள்ளி விழுந்துருவான். மணலக் குச்சிய வச்சுக் கிண்டாதேயும். எண்ணெக் கையோட தொடாதேயும். சீயக்காப் பட்ட செம்பு தொட்டிக்குக் கிட்டயே வரப்படாது, அது இவனுக்கு வெசம்."

"சரி அண்ணாச்சி. எல்லாம் நான் பார்த்துக்கிடுதேன்" என்றேன். 'முடியாது' என்பதும் எங்கள் கடையில் சொல்லாத சொல்தான்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தேன். தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. கையில் இருந்தது குளியலறைச் செம்பு. அலசிவிட்டோம் என்ற நினைப்பில் அதாலேயே மொண்டு ஊற்றினேன். மறுநாள் காலை தண்ணீரின் மேல் நுரை கட்டியிருந்தது. ஓர் அயிரை மல்லாந்து கிடந்தது. இன்னொன்று துள்ளி வெளியே விழுந்து, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. பதறிப்போய்த் தண்ணீரை மாற்றினேன். அதற்குப் பிறகு நாள் கணக்கில் பார்த்தும் ஒன்றும் கண்ணில் படவில்லை. எல்லாம் செத்து மணலுக்குள் அழுகிவிட்டன என்று முடிவு செய்தேன்.

கிளறிப் பார்த்திருக்கலாம். மணலைக் கிண்டாதேயும் என்று அவர் சொல்லியிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. சீயக்காயைப் பற்றிச் சொன்னதை மறந்தவன், இதை மட்டும் கவனமாக ஞாபகம் வைத்திருந்தேன். தொட்டியைப் பின்கட்டில் மாட்டுக் கொட்டகைக் கூரையின் இறவாணத்துக்குக் கீழே தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டேன்.

மாடசாமி வாரம் ஒருமுறையாவது கடைக்கு வருவான். "அயிரை எப்படி இருக்குன்னு அண்ணாச்சி கேட்டுட்டு வரச் சொன்னாவ" என்பான்.

"நல்லா இருக்குன்னு சொல்லு."

"நீங்க எப்ப வருவியன்னும் கேட்டாவ."

"அடுத்த வாரம் வாரேன்னு சொல்லு."

அடுத்த கட்டில் துணி வரும் என்று சொன்ன அதே வாய்தான். கன்ட்ரோல் வந்ததால் கடையை விட்டு நகர முடியவில்லை என்றேன். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓடுகின்றன, ஏற்றத்தில் நின்றுவிடுகின்றன என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கரி பஸ்ஸில்தான் மாடசாமி வாராவாரம் போய்வந்தான். புடவைக் கட்டு ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நானும் அதே பஸ்ஸில் புளியங்குடி வரை போனேன். அங்கிருந்து ராயகிரி எவ்வளவு கிட்டம் என்று உங்களுக்குத் தெரியும். போய் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் அவர் கேட்பார், நான் சொல்ல வேண்டியிருக்கும். மாடசாமியிடம் பொய் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அவரிடம் சொல்ல வராது என்று தெரிந்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஆனியில் சாரல் இறங்கியது. மலைக்காய்ச்சல் பயத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து, தண்ணீர் தேங்கிய சட்டி பானைகளையெல்லாம் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பின்கட்டில் மாட்டுத் தொட்டியில் கொசுப்புழு நெளிந்ததற்கு என்னைக் கண்டபடி ஏசினார். சாக்கைத் தூக்கிக் கண்ணாடித் தொட்டியையும் பார்த்தார். கூரைத் தண்ணீர் சொட்டி அது நிரம்பியிருந்தது, பாசி பிடித்திருந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆச்சரியமா இருக்கே, இதுல ஒரு புழுகூட இல்ல" என்று சாக்கைப் பழையபடி போட்டார். சண்முகவடிவுகூட, "ஊரு கொசுவெல்லாம் நம்ம வீட்டுலதான் முட்ட போடுது, இதுல மட்டும் ஏன் போட மாட்டேங்கு?" என்றாள். திட்டு ஒன்று குறைந்ததே என்று எனக்குத் திருப்தி. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பிறகு ஆவணியில் மாடசாமி கொண்டுவந்த செய்தி.

கடையை அப்படியே மூடிவிட்டு ஓடினேன். பஸ் வாசுதேவநல்லூரில் நின்றுவிட்டது. கரியைக் கிளறி, துருத்தி போட்டுக் கிளப்பி, நான் ராயகிரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும்போது பார்க்கப் போகாதவனுக்கு முகம் பார்க்கவும் கிடைக்கவில்லை.

மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அயிரைய ரொம்ப விசாரிச்சாவளாமே மதினி" என்றேன்.

மதினி நிமிர்ந்து பார்த்தார்கள். "அவிய அயிரையையா விசாரிச்சாவ? அதக் கேட்டா, பதில் சொல்லதுக்காவது நீங்க ஒரு நடை வருவியன்னுல்லா கேட்டுக்கிட்டுக் கெடந்தாவ. பஸ்ஸு சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காருவாவ. வாசலப் பாப்பாவ. பொறவு படுத்துக்கிடுவாவ."

மதினியே மேலும் சொன்னார்கள்: "கருமாதிய குத்தாலத்துலதான் வைக்கப் போறோம். அன்னைக்கு அந்த மீன ஆத்துல விட்டுரச் சொல்லியிருக்காவ. கொண்டு வந்துருங்க தம்பி."

"கொண்டு வாரேன் மதினி" என்றேன்.

அப்போதும் 'இல்லை' என்ற அந்தச் சொல் வாயில் வரவில்லை. அந்த வீட்டில், அந்த நேரத்தில் சொல்லியிருந்தால், யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கருமாதிக்கு முந்தின நாள் சந்தைக்குப் போனேன். அண்ணாச்சி குந்தியிருந்த அதே சட்டிக்கு முன்னால் குந்தினேன். மீன்காரி என்னை அடையாளம் கண்டு, "அவிய வரலியா? பொறுக்கி எடுப்பாவளே" என்றாள். "வரல" என்றேன். புள்ளி வரிசை, வாலில் பொட்டு, கண்ணுக்குக் கீழே முள். அவர் சொல்லிக் கொடுத்ததை வைத்தே அவரை ஏமாற்ற மீன் பொறுக்கினேன். குளத்து மீன், கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு மண்சட்டியில் வாங்கிக்கொண்டேன். தொட்டியையும் கழுவிக் கொடுத்துவிடலாம் என்று பின்கட்டுக்குப் போய்ச் சாக்கை எடுத்தேன்.

தண்ணீரைப் பாதிக்கு மேல் இறைத்தேன். நாற்றம் எதிர்பார்த்தேன். பாசி வாடைதான் வந்தது. மணலை அள்ளிப் போடுவதற்காகக் கையை உள்ளே விட்டேன். உள்ளங்கைக்குக் கீழே குறுகுறுவென்று ஏதோ நகர்ந்தது. கையை வெடுக்கென்று எடுத்தேன். மணலிலிருந்து ஒரு மூஞ்சி வெளியே வந்தது. மீசை, அதற்கு மேலே இரண்டு சின்னக் கண். என்னைப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு ஒவ்வொன்றாக மணலை உதறிக்கொண்டு கிளம்பின. வெள்ளை மணலில் கிடந்து கிடந்து மணல் நிறமாகவே ஆகியிருந்தன. கூரைத் தண்ணீரைக் குடித்து, கொசுப்புழுவைத் தின்று, என் சாக்குக்குக் கீழே இத்தனை மாதமும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

நல்லா இருக்குன்னு சொல்லு என்று நான் மாடசாமியிடம் சொன்னதெல்லாம் உண்மை.

அங்கேயே சாணித் தரையில் உட்கார்ந்து அழுதேன். சண்முகவடிவு ஓடிவந்தாள். தொட்டியைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். "ஒரு வாட்டி போயிருக்கலாம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தொட்டியோடு அவர் விட்டுப்போன மல் துணி வலையை எடுத்து அவற்றை ஏந்தி ஒரு குடத்தில் விட்டேன். கடைசி மீன் முள்ளை நீட்டி வலையில் மாட்டிக்கொண்டது. அண்ணாச்சி செய்வதுபோல வலையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, அது தானாக விடுவித்துக்கொள்ளும்வரை காத்திருந்தேன்.

மறுநாள் குற்றாலத்தில் சடங்கு முடிந்து மதினி ஆற்றங்கரையில் வந்து நின்றார்கள். அருவிச் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. நான் குடத்தைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தேன். குனிந்து பார்த்ததும், "அவிய மீனுதான். மணல் கலரு" என்றார்கள். அழுகை வந்தது அவர்களுக்கு. பிறகு என் மற்றொரு கையைப் பார்த்தார்கள். "அந்தச் சட்டியில என்ன?"

கறுப்பு மீன்களை வீட்டில் விட்டுவரவும் மனம் வரவில்லை, குழம்பு வைக்கவும் மனம் வரவில்லை. அதனால் கொண்டுவந்திருந்தேன். இனி சொல்லித் தப்பிக்க எந்தச் சரக்கும் கையில் இல்லை. சீயக்காய்ச் செம்பிலிருந்து சந்தை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அருவிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி நின்ற உறவுக்காரர்களும் கேட்டார்கள்.

மதினி தண்ணீரில் இறங்கினார்கள். குடத்தை அவர்களே சரித்தார்கள். வெளுத்த மீன்கள் ஓட்டத்தில் இறங்கிச் சிற்றாற்று மணலில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன. "அதையும் விடுங்க. அதுக என்ன பாவம் செஞ்சுது" என்றார்கள். சட்டியையும் சரித்தேன். கறுப்பு மீன்கள் அந்த மணலில் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டே இருந்தன.

கரையேறும்போது மதினி சொன்னார்கள்: "அதுக மாதிரி நீங்களும் மணலுக்குள்ளதான் கெடந்திருக்கிய தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தொட்டியை மதினி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "எங்க கொண்டு வைக்க, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றுவிட்டார்கள். அது இப்போது கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறது. அதைவிட எனக்கு வேண்டியது அந்த வலைதான். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் துணி முழுக்கச் சின்னச் சின்னதாக இழை இழுத்திருப்பது தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மீனின் முள் மாட்டிய இடம்.

போன வாரம் புதுக் கட்டு ஒன்று வந்தது. கயிற்றை அறுத்ததும், பழக்கத்தில் வாசலை நிமிர்ந்து பார்த்தேன். குடையை உதறிவிட்டு, "வந்துட்டாவே?" என்று கேட்க யாரும் இல்லை. கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்தே பதில் சொன்னேன்.

இல்லை அண்ணாச்சி. முள் மாட்டாத துணி என்னிடம் இல்லை. நீங்கள் முதன்முதலாகக் கேட்ட அன்றைக்கும் இல்லை.